நூலக அறையைத் தாண்டாதீர்கள்

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கடினமான அறிவியல் புனைகதையைப் படிப்பது பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். இதைப் பொதுவாகப் பேசினால் அறிவுரையாகத்தான் முடியும். அதனால் ஒரே ஒரு நாவலை எடுத்துக்கொள்கிறேன். போலந்து எழுத்தாளர் ஸ்தானிஸ்வாவ் லெம் எழுதி 1961இல் வெளியான 'சோலாரிஸ்'. அளவில் சின்னப் புத்தகம்தான். இருநூற்றுச் சொச்சம் பக்கம். ஆனால் ஆசையாக வாங்கிப் பாதியில் கவிழ்த்து வைத்த புத்தகங்களை நம் வீடுகளில் எண்ணிப் பார்த்தால் அந்தக் கணக்கில் இதுவும் வரும்.

எங்கே கவிழ்த்து வைக்கிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: நூலகம் வருகிற இடத்தில்.

தொடக்கக் காட்சிகளில் யாரும் நிற்பதில்லை. சோலாரிஸ் என்ற தொலைதூரக் கிரகத்தின் மேல் மிதக்கும் ஆய்வு நிலையத்துக்குக் கெல்வின் என்ற உளவியலாளன் வந்து இறங்குகிறான். வரவேற்க ஆளில்லை. எங்கும் குப்பையும் கலைந்த பொருள்களும். அவன் நன்கறிந்த விஞ்ஞானி கிபாரியன் அன்று காலைதான் இறந்திருக்கிறார். ஸ்னவுட் என்பவர் குடிபோதையில் இருக்கிறார். கெல்வினைப் பார்த்ததும் பேயறைந்தவர் போல நடுங்குகிறார். வேறு யாரையாவது கண்டால் எதுவும் செய்துவிடாதே என்று எச்சரிக்கிறார், யாரை என்று மட்டும் சொல்ல மறுக்கிறார். மூன்றாமவர் சர்டோரியஸ் ஆய்வகக் கதவை முதுகால் அடைத்துக்கொண்டு பேசுகிறார். உள்ளே சின்னக் கால்கள் ஓடுகிற சத்தம். தேர்ந்த பேய்க்கதைக்காரரின் கை என்று இதை வைத்தே சொல்லிவிடலாம்.

கொஞ்ச நேரத்தில் கெல்வின் தூங்கி விழிக்கிறான். எதிரே அவன் மனைவி ஹேரி உட்கார்ந்திருக்கிறாள். பத்தாண்டுகளுக்கு முன், அவனோடு நடந்த சண்டைக்குப் பிறகு ஊசி போட்டுக்கொண்டு செத்துப்போனவள். கையில் ஊசி குத்திய தடம்கூட இருக்கிறது. அவளுடைய உடுப்பைக் கழற்றப் பார்த்தால் முடியவில்லை. பொத்தான்கள் வெறும் அலங்காரம். திறப்பு என்று ஒன்றுமே இல்லை. கத்தரிக்கோலால் வெட்டத்தான் வேண்டியிருக்கிறது. ஏன் அப்படி என்று லெம் அங்கே நின்று விளக்குவதில்லை. அவளை அனுப்பியது எதுவோ, அது கெல்வினின் நினைவைப் பார்த்து அவளைச் செய்திருக்கிறது. அவன் நினைவில் அந்த உடுப்பின் பொத்தான்கள் இருந்தன, அது எப்படித் திறக்கும் என்பது இல்லை. முதலில் வந்தவளைப் பயத்தில் ராக்கெட்டில் ஏற்றி அனுப்பிவிடுகிறான். இன்னொருத்தி வருகிறாள். அதற்குப் பிறகு அறையில் ஒரே மாதிரி இரண்டு உடுப்புகள் கிடக்கின்றன, இரண்டும் கத்தரித்தபடி. எனக்குத் தெரிந்து நவீன இலக்கியத்தில் இவ்வளவு சிக்கனமான திகில் காட்சி அதிகமில்லை.

கெல்வின் வந்து இறங்குவதற்கும் ஹேரி வருவதற்கும் நடுவில்தான் லெம் வண்டியை நிறுத்துகிறார். ஆளரவமற்ற நிலையத்தில், பயந்துபோய் உட்கார்ந்திருக்கும் கெல்வின், சோலாரிஸ் ஆராய்ச்சி பற்றிய ஒரு தடித்த வரலாற்று நூலைப் புரட்டத் தொடங்குகிறான். பக்கம் பக்கமாக அதன் சுருக்கம் வருகிறது. எந்த ஆண்டு எந்தக் குழு போனது, யார் என்ன கோட்பாடு சொன்னார், யார் அதை மறுத்தார், எந்தப் பள்ளி எதிலிருந்து பிரிந்தது. இது ஒருமுறையோடு முடிந்திருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். எட்டாவது அத்தியாயம் கிட்டத்தட்ட முழுவதும் அப்படி. பதினொன்றாவது அத்தியாயத்தில் மறுபடியும். ஹேரிக்கு என்ன ஆகும் என்று நாம் தவித்துக்கொண்டிருக்கும்போது கெல்வின் அலமாரியிலிருந்து அடுத்த தொகுதியை எடுக்கிறான்.

தாண்டிப் போய்விடலாமா என்று கேட்டால், கூடாது என்பதுதான் இன்றைக்கு நான் சொல்ல வந்தது. பிடிவாதத்துக்காகச் சொல்லவில்லை. அந்தப் பக்கங்களைத் தாண்டுகிறவர் கையில் மிஞ்சுவது செத்த மனைவி திரும்பி வருகிற கதை மட்டும்தான். நல்ல கதை. ஆனால் அந்தக் கதையைச் சொல்ல லெமுக்கு ஒரு கிரகம் தேவைப்பட்டிருக்காது.

அப்படி என்ன இருக்கிறது அந்தப் பக்கங்களில்?

சோலாரிஸ் இரண்டு சூரியன்களைச் சுற்றும் கிரகம். ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். கணக்குப்படி அதன் பாதை நிலையாக இருக்கக் கூடாது. இரண்டு ஈர்ப்புகளுக்கும் நடுவில் அலைக்கழிந்து கடைசியில் சிவப்புச் சூரியனில் விழ வேண்டும். ஆனால் விழவில்லை. அளந்து பார்த்தால் பாதை நிலையாக இருக்கிறது. கிரகத்தை மூடியிருக்கும் கூழ் போன்ற கடல்தான் அதைத் திருத்திக்கொண்டே இருக்கிறது என்று கடைசியில் தெரியவருகிறது. அப்படியென்றால் அந்தக் கடலுக்கு உயிர் உண்டா? அறிவு உண்டா? இயற்பியலாளர் ஒன்று சொல்கிறார், உயிரியலாளர் வேறொன்று சொல்கிறார். பிரம்மாண்டமான ஒற்றை உயிரணு என்கிறார்கள் சிலர். தனக்குள்ளேயே ஒடுங்கிவிட்ட யோகி என்கிறார்கள் சிலர். புத்தி பேதலித்த பிறவி என்றும் ஒரு கட்சி. கருவிகளை இறக்கினால் கடல் அவற்றை மாற்றி அமைத்துவிடுகிறது. கருவிகள் பதிவு செய்து தருவதை யாராலும் படிக்க முடியவில்லை.

கடல் சும்மாவும் இருப்பதில்லை. மலை மலையாக உருவங்களை எழுப்பிக்கொண்டே இருக்கிறது. கீஸே என்ற ஆய்வாளர் அவற்றுக்குப் பெயர் வைத்து வகைப்படுத்துகிறார். தன் அருகில் வரும் பொருள்களை நகலெடுக்கிறது ஒரு வகை. சில நாழிகைக்குள் எழுந்து சரிந்துவிடும், கணிதச் சமன்பாடு கல்லாகி நிற்பது போன்ற கட்டுமானம் இன்னொரு வகை. அப்படி ஒன்றை ஆராயப் போன இடத்தில் எதிர்பாராத வெடிப்பு. கீஸே உட்பட 106 பேர் மாண்டுபோகிறார்கள். கடலை அழித்துவிட வேண்டும் என்றுகூடக் குரல் எழுகிறது. அதன்பின் ஆர்வம் தேய்கிறது. பணம் குறைகிறது. பெரிய கேள்வி கேட்டவர்கள் போய், சின்ன விவரங்களைச் சேகரிக்கிறவர்கள் வருகிறார்கள். கெல்வின் வரும் காலத்தில் அந்த மாபெரும் நிலையத்துக்கு மூன்றே விஞ்ஞானிகள்.

ஓர் அறிவியல் துறை பிறந்து, கொழுத்து, கிளை பிரிந்து, கிழடு தட்டிய முழு வரலாறும் இதில் இருக்கிறது. நமக்கு இது அவ்வளவு அந்நியமான காட்சி இல்லை. திருக்குறளுக்குப் பதின்மர் உரை எழுதினார்கள் என்பது மரபு. உரைக்கு விளக்கம், விளக்கத்துக்கு மறுப்பு, பாட பேதம், 'இது பொருந்தாது என்க' என்று ஒருவர் மற்றவரை வெட்டுவது எல்லாம் நாம் பார்த்துப் பழகியவை. சோலாரிஸ் நூலகத்தில் நடப்பதும் அதேதான். பரிமேலழகரோடு நாம் எவ்வளவு முரண்பட்டாலும் குறள் என்கிற மூலம் ஒரு மனிதன் மனிதர்களுக்காக எழுதியது என்பதில் சந்தேகம் இல்லை. அங்கே மூலம் என்பதே ஒரு கடல். அது யாருக்காவது எதையாவது சொல்கிறதா என்பதே தெரியாமல் நூறாண்டுக்கு மேலாக உரை எழுதிக் குவித்திருக்கிறார்கள்.

இதை எழுத லெமுக்கு எப்படி வந்தது? அவர் வாழ்க்கையில் ஒரு சிறு பகுதி இதற்கு உதவுகிறது. 1921இல் லுவூவ் நகரில் பிறந்தவர். அன்று போலந்தில் இருந்த ஊர், இன்று உக்ரைனின் லிவிவ். யூதக் குடும்பம். நாஜி ஆக்கிரமிப்பின்போது போலி ஆவணங்களோடு, மெக்கானிக்காகவும் வெல்டராகவும் வேலை பார்த்துப் பிழைத்திருந்தார். போருக்குப் பிறகு கிராக்கோவுக்கு வந்து மருத்துவப் படிப்பைத் தொடர்ந்தார். இராணுவ மருத்துவராக்கிவிடுவார்கள் என்று இறுதித் தேர்வை எழுதாமல் விட்டார். அந்த நாள்களில் அறிவியலைப் பற்றியே ஆராயும் ஒரு கழகத்தில் உதவியாளர் வேலை. வெளிநாட்டிலிருந்து வந்து குவியும் அறிவியல் நூல்களையும் இதழ்களையும் படித்து, சுருக்கமும் மதிப்புரையும் எழுத வேண்டும். கனடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் புத்தகங்கள் வந்தன. சைபர்நெட்டிக்ஸ் அவருக்கு அப்படித்தான் அறிமுகமானது.

பிறர் எழுதிய ஆய்வுகளை வருடக் கணக்காகச் சுருக்கி எழுதியவருக்கு ஆய்வின் நடை கைவந்திருக்கும் என்பதில் வியப்பில்லை. அதன் பாவனைகளும் தெரிந்திருக்கும். ஒரு கட்டுரையாளர் சந்தேகத்தை எப்படி அடிக்குறிப்பில் ஒளித்து வைப்பார், தோற்ற கோட்பாட்டை அடுத்த தலைமுறை எப்படி மரியாதையாகப் புதைக்கும், எல்லாம். இந்த வித்தையைப் பின்னாளில் அவர் தனியாகவே பிரித்தெடுத்துக்கொண்டார். 1971இல் எழுதிய ஒரு நூல் முழுக்க, இல்லாத புத்தகங்களுக்கு எழுதிய மதிப்புரைகள். 1973இல் வந்த இன்னொன்றில் இல்லாத புத்தகங்களுக்கு முன்னுரைகள். சோலாரிஸ் நூலகம் இவற்றுக்கெல்லாம் நாற்றங்கால்.

இடையில் ஒரு வேடிக்கை. அமெரிக்க அறிவியல் புனைகதையாளர் ஃபிலிப் கே. டிக் 1974இல் எஃப்.பி.ஐ.க்கு ஒரு கடிதம் எழுதினார். லெம் என்பது தனி மனிதரின் பெயராக இருக்காது, ஏதோ ஒரு குழு அந்தப் பெயரில் எழுதுகிறது, பல நடைகளில் எழுதுவதே அதற்குச் சாட்சி என்பது அவருடைய வாதம். டிக்கின் மனநிலை அப்போது சரியில்லை என்பதையும் சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும். இருந்தாலும் சோலாரிஸின் நூலக அத்தியாயங்களை மட்டும் பிய்த்து யாரிடமாவது கொடுத்தால், ஒரே ஆள் எழுதியது என்று அவர்களும் நம்ப மாட்டார்கள்.

சரி, நூலகம் நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. கதைக்கு அது என்ன செய்கிறது? இங்கேதான் தாண்டிப் போனவர்கள் நிறைய இழக்கிறார்கள். பெர்டன் என்ற விமானியின் அறிக்கை ஒன்று வருகிறது. காணாமல்போன ஒருவரைத் தேடிப் பனிமூட்டத்தில் பறந்தபோது, கடலின் மேல் ராட்சத அளவுள்ள ஒரு குழந்தையைப் பார்த்ததாகச் சொல்கிறான். அதன் கையும் காலும் முகமும் அசைந்தனவாம். ஆனால் குழந்தை அசைப்பது போல இல்லை, வேறு யாரோ ஒவ்வொன்றாக அசைத்துப் பார்ப்பது போல இருந்ததாம். விசாரணைக் குழு அதை மனப்பிரமை என்று எழுதிக் கோப்பை மூடிவிடுகிறது. அலுவலக நடையில் எழுதப்பட்ட வறட்டு ஆவணம். ஹேரி ஏன் வந்தாள், எப்படி வந்தாள் என்பதற்கு நாவலில் கிடைக்கும் மிக நெருக்கமான துப்பு அதில்தான் இருக்கிறது. அதைப் படித்தவருக்குத்தான் ஹேரி தலைவாரும்போதும் கை நீட்டும்போதும் முதுகு சில்லிடும்.

இன்னொன்றும் சொல்கிறேன். நகலெடுக்கும் அந்த உருவங்களைப் பற்றிய நீண்ட வர்ணனையில், போகிற போக்கில் ஒரு தகவல்: அவை உயிருள்ள மனிதர்களை நகலெடுப்பதே இல்லை. பொம்மையைக் காட்டினால் எடுக்கும். பக்கத்தில் நிற்கும் ஆளைக் கண்டுகொள்ளாது. படிக்கும்போது இது வெறும் விலங்கியல் குறிப்பு. நாவலை முடித்துவிட்டு நினைத்துப் பார்த்தால் இது வேறு மாதிரி உறைக்கிறது. கடலின் மேற்பரப்பில் நின்ற மனிதனைக் கடல் பொருட்படுத்தவில்லை. அவனுக்குள் கிடந்த குற்ற உணர்ச்சியைத்தான் எடுத்து உருவம் கொடுத்தது. லெம் இந்த இரண்டையும் எங்கேயும் இணைத்துக் காட்டவில்லை. இணைக்க வேண்டியது நாம்தான். நூலகத்தில் உட்காராதவரால் அது முடியாது.

கெல்வின் படிக்கிற விதத்தையும் கவனியுங்கள். ஹேரியைக் காண்பதற்கு முன்பே தனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று அவனுக்குச் சந்தேகம். எப்படிச் சோதிப்பது? எந்தச் சோதனை செய்தாலும் அதன் முடிவையும் நோயுற்ற மூளையே கற்பித்துக் கொடுக்கலாமே. அவன் செய்வது இது: கிரகத்தைச் சுற்றும் செயற்கைக்கோளிடம் அதன் பாதை பற்றிய எண்களைக் கேட்டு வாங்குகிறான். அவற்றைப் பார்க்காமல் வைத்துவிட்டு, அதே கணக்கை நிலையத்தின் பெரிய கணினியில் தனியாகப் போடுகிறான். பிறகு இரண்டையும் ஒப்பிடுகிறான். ஒத்துப்போகின்றன. அவ்வளவு பெரிய கணக்கைத் தன் மூளை கனவில் போட்டிருக்க முடியாது. ஆகவே வெளியில் உலகம் என்று ஒன்று இருக்கிறது, தனக்குப் பைத்தியம் இல்லை. இந்த முடிவில் அவனுக்கு நிம்மதி வருவதற்குப் பதில் பயம்தான் வருகிறது. தத்துவத்தில் காலங்காலமாக ஓடிவரும் ஒரு கேள்வியை லெம் சில பக்கங்களில் பொறியாளர் மூளையோடு தீர்த்துவைக்கிறார். நூலகமும் இதே புத்தியின் நீட்சிதான். பயம் வந்தால் கெல்வின் போகிற இடம் அது. ஜெபிப்பவர்கள் ஜெபிக்கப் போவார்கள். இவன் படிக்கப் போகிறான்.

இந்த நாவலின் அறிவியல் கடினமாயிற்றே என்று சிலர் தயங்குகிறார்கள். அதில் பயப்பட ஒன்றுமில்லை, சிலது காலாவதியாகியும் விட்டது. இரட்டைச் சூரியனைச் சுற்றும் கிரகத்தின் பாதை நிலைக்காது என்பது நாவலின் ஆதாரக் கணக்கு. 2011இல் கெப்ளர் தொலைநோக்கி மூலம் கெப்ளர்-16பி என்ற கிரகம் கண்டறியப்பட்டது. அது இரண்டு விண்மீன்களைச் சுற்றி, எந்தக் கடலின் உதவியும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னொன்று நியூட்ரினோ. நியூட்ரினோ ஆய்வகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரத்தின் தயவால் நமக்கெல்லாம் பழகிப்போன சொல். ஹேரியின் இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே போனால் அணுக்கள் இருக்க வேண்டிய ஆழத்தில் ஒன்றுமில்லை. அவள் நியூட்ரினோக்களால் ஆனவள் என்று ஊகிக்கிறார்கள். நியூட்ரினோவை முதன்முதலில் சோதனையில் பிடித்தது 1956இல். லெம் எழுதும்போது அது சுடச்சுடச் செய்தி. நியூட்ரினோவால் உடல் செய்ய முடியாது என்பது எந்த இயற்பியல் மாணவருக்கும் தெரியும். அதனால் நாவலுக்கு ஒரு சேதமும் இல்லை. உண்மையில் அதன் கடினம் இயற்பியலில் இல்லை. இவ்வளவு படித்தும் விடை கிடைக்காது என்பதைத் தாங்கிக்கொள்வதில் இருக்கிறது.

நாவல் வெளிவந்த காலத்தையும் நினைத்துக்கொள்ள வேண்டும். 1959இல் கொக்கோனி, மாரிசன் என்ற இருவர், விண்மீன்களிலிருந்து வானொலிச் சமிக்ஞை வருகிறதா என்று தேடலாம் என்று 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். 1960இல் ஃபிராங்க் டிரேக் மேற்கு வர்ஜீனியாவின் கிரீன் பேங்கில் இரண்டு விண்மீன்களை நோக்கி ஆன்டெனாவைத் திருப்பி உட்கார்ந்தார். 1961 ஏப்ரலில் ககாரின் விண்வெளிக்குப் போனார். அதே ஆண்டு நவம்பரில் கிரீன் பேங்கில் கூடிய விஞ்ஞானிகள், நம் விண்மீன் மண்டலத்தில் பேசக்கூடிய நாகரிகங்கள் எத்தனை இருக்கலாம் என்பதற்கு ஒரு சமன்பாட்டை முன்வைத்து விவாதித்தார்கள். டால்பின்களோடு பேச முயன்ற ஜான் லில்லியும் அங்கே அழைக்கப்பட்டிருந்தார். டால்பின் நம் கடலில், நம் இரத்தச் சூட்டோடு வாழும் பாலூட்டி. அதனோடு நாம் இன்னும் பேசி முடிக்கவில்லை. சமிக்ஞை வந்துவிட்டால் போதும், மீதியைப் பார்த்துக்கொள்ளலாம் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த அந்த வருடத்தில்தான், சமிக்ஞை வந்துகொண்டே இருக்கிறது, நமக்குத்தான் அது எட்டவில்லை என்று போலந்திலிருந்து ஒருவர் எழுதினார். சோலாரிஸ் கடல் ஊமையாக இல்லை. ஓயாமல் ஏதோ செய்துகொண்டிருக்கிறது. மனிதன் அந்நியரைத் தேடிப் போவதாகச் சொல்லிக்கொண்டு தன்னையே தேடிக்கொண்டிருக்கிறான் என்ற அர்த்தத்தில் ஸ்னவுட் ஓரிடத்தில் வெடிக்கிறார். நாவலில் எல்லோரும் மேற்கோள் காட்டும் பேச்சு அது. நூலகத்தைப் படித்துவிட்டு அதைக் கேட்டால் வெறும் குடிகாரன் பேச்சாகத் தோன்றாது. நூற்றாண்டுக் கணக்கு ஒன்றுக்குக் கீழே போட்ட கூட்டுத்தொகை அது.

திரைப்படம் பற்றிச் சொல்லாமல் போனால் கேள்வி நேரத்தில் அதைத்தான் கேட்பீர்கள். 1972இல் சோவியத் இயக்குநர் தர்கோவ்ஸ்கி எடுத்த படம் பெரிய படைப்பு, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. லெமுக்கு அது பிடிக்கவில்லை. மாஸ்கோவுக்குப் போய் தர்கோவ்ஸ்கியோடு வாரக்கணக்கில் சண்டை போட்டுப் பார்த்தார். தர்கோவ்ஸ்கி எடுத்திருப்பது தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' என்பது அவர் மனத்தாங்கல். அந்தப் படத்தில் நூலக அறை இருக்கிறது, பாருங்கள். மெழுகுவத்திகள், சுவரில் புரூகலின் ஓவியங்கள், அலமாரி நிறையப் புத்தகங்கள். அங்கே எடுத்து வாசிக்கப்படும் புத்தகம் எது? 'டான் கிஹோத்தே'. கடலைப் பற்றிய ஆயிரமாயிரம் தொகுதிகளில் ஒன்றுகூட இல்லை. தர்கோவ்ஸ்கிக்கு மனிதன் போதும். 2002இல் சோடர்பெர்க் எடுத்த ஹாலிவுட் படத்தில் அந்த அறையும் இல்லை. விண்வெளியில் காதல் என்று தன் புத்தகத்துக்குத் தலைப்பு வைக்கவில்லையே என்ற பொருளில் லெம் அப்போது எழுதினார். படத்தைப் பார்க்காமலே எழுதினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எதைப் படிப்பது என்பதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. நம்மில் பலர் படித்த ஆங்கிலப் பதிப்பு 1970இல் வந்தது. அது போலிஷிலிருந்து நேராக வரவில்லை. பிரெஞ்சு மொழிபெயர்ப்பிலிருந்து ஆங்கிலமாக்கியது. அதில் ஹேரி 'ரேயா' ஆகிவிட்டாள், ஸ்னவுட் 'ஸ்னோ' ஆகிவிட்டார். ஆங்கிலம் படிக்கத் தெரிந்த லெமுக்கு அதில் திருப்தி இல்லை. பில் ஜான்ஸ்டன் போலிஷிலிருந்து நேரடியாகச் செய்த மொழிபெயர்ப்பு 2011இல் முதலில் ஒலிநூலாகவும் பிறகு மின்னூலாகவும் வந்தது. கிடைத்தால் அதைப் படியுங்கள். நூலக அத்தியாயங்களைக் கேட்பதைவிடப் படிப்பது நல்லது. பெயர்களுக்குப் பின்னோக்கிப் போய்வர வேண்டியிருக்கும். எல்லாப் பெயரையும் நினைவில் வைக்க வேண்டாம். கீஸே, பெர்டன் இருவரை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். மற்றவர்கள் வரட்டும், போகட்டும். கெல்வினே அவர்களில் பாதிப் பேரை மதிப்பதில்லை.

குறையே இல்லாத நூல் என்று நான் சொல்ல வரவில்லை. கடலின் உருவங்களை வர்ணிக்கும் எட்டாவது அத்தியாயத்தில் லெம் தன் சாமர்த்தியத்தில் தானே மயங்கிவிட்டார் என்றுதான் தோன்றுகிறது. அதில் கால்வாசியைக் குறைத்திருந்தால் யாருக்கும் நட்டமில்லை. நூறாண்டு ஆய்வு வரலாற்றில் பெண் விஞ்ஞானி என்று மனத்தில் நிற்கும்படி ஒருத்திகூட இல்லை. கிபாரியனைத் தேடி வரும் கறுப்பினப் பெண்ணை, புல்லாடை கட்டிய ஒரு கேலிச்சித்திரம் போல வரைந்திருப்பதை இன்று படிக்கக் கூச்சமாக இருக்கிறது. அது கிபாரியனின் மனத்தில் இருந்த உருவம், லெமின் மனத்தில் இருந்தது அல்ல என்று வாதிடலாம். எனக்கு அந்த வாதம் முழுத் திருப்தி தரவில்லை.

ஹேரியைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன். தான் யார் என்று அவளுக்கே மெல்லத் தெரியவருகிறது. தான் அவள் இல்லை, அவளைப் போல ஒன்று என்று. திரவ ஆக்சிஜனைக் குடித்துச் சாகப் பார்க்கிறாள். கருகிய தொண்டை சில நிமிடங்களில் தானே ஆறிவிடுகிறது. சாகக்கூட அவளுக்கு உரிமை இல்லை. கடைசியில் கெல்வினுக்குத் தெரியாமல் மற்ற இருவரிடமும் பேசி, தன்னை இல்லாமல் ஆக்கிக்கொள்கிறாள். நூலகத்தில் குவிந்த நூறாண்டு அறிவுக்குத் தெரியாத ஒன்றை அவள் ஒருத்தி தெரிந்து முடிவெடுக்கிறாள். நாவலில் உறுதியாக ஒரு முடிவு எடுப்பவள் அவள்தான்.

அதற்கு முன் அவர்கள் கெல்வினின் மூளை அலைகளை எக்ஸ் கதிர்களில் ஏற்றிக் கடலுக்குள் பாய்ச்சியிருக்கிறார்கள். அதன்பின் ஹேரியைப் போன்ற விருந்தாளிகள் திரும்ப வரவில்லை. கடல் புரிந்துகொண்டதா, சலித்துவிட்டதா, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று யாருக்கும் தெரியாது. நூலகத்தில் இன்னொரு தொகுதிக்கு இடம் விட்டு வைக்கலாம், அவ்வளவுதான். நிலையத்துக்குள் கெல்வின் நுழையும்போது அங்கே என்ன நடந்திருக்கிறது என்று தனக்கே தெரியாது, எழுதிக்கொண்டு போகும்போதுதான் கண்டுபிடித்தேன் என்று லெம் சொல்லியிருக்கிறார். கடைசி அத்தியாயம் மட்டும் வராமல் கிடந்து, ஓராண்டு கழித்துத்தான் எழுத முடிந்ததாம். அந்த அத்தியாயத்தில் கெல்வின் முதன்முறையாக நிலையத்தை விட்டு இறங்கி, கடலருகே போய்க் கை நீட்டுகிறான். அலை வந்து கையைச் சூழ்கிறது, தொடாமல். சில முறைக்குப் பிறகு அதற்கும் ஆர்வம் போய்விடுகிறது. கடல் அப்படிச் செய்யும் என்பது அவனுக்குப் புதிதல்ல. படித்திருக்கிறான். முதலில் வந்த ஆய்வாளர்களே பதிவு செய்துவிட்ட விஷயம் அது. தெரிந்த ஒன்றுதான், இருந்தும் கை நீட்டுகிறான். சிலர் இந்த முடிவை நம்பிக்கை என்கிறார்கள், சிலர் தோல்வி என்கிறார்கள். நான் இதைப் படிப்பின் தொடர்ச்சி என்றுதான் வாசிக்கிறேன்: இத்தனை நாளும் பிறர் எழுதியதைப் படித்தவன், இப்போது மூலத்துக்கு முன்னால் போய் நிற்கிறான்.

இதை முடித்த கையோடு வேறொன்று வேண்டும் என்பவர்களுக்கு லெமின் 'ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ்' இருக்கிறது, 1968இல் வந்தது. விண்வெளியிலிருந்து நியூட்ரினோ அலையாக ஒரு செய்தி வருகிறது. அமெரிக்கப் பாலைவனத்தில் இரகசியமாக ஆயிரக்கணக்கான விஞ்ஞானிகள் கூடி அதைப் பிரித்துப் படிக்கப் பார்க்கிறார்கள். ஹோகார்த் என்ற கணிதவியலாளர் அதை நினைவுகூர்ந்து எழுதுகிறார். அங்கே ஹேரி கிடையாது. பேய் கிடையாது, உடுப்புக் கிடையாது, கத்தரிக்கோல் கிடையாது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நூலக அறை மட்டும்தான்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.